நெல்லின் கணக்கும் நெட்டுக்குப்பத்தின் கணக்கும்

காவிரிப் படுகையில், மன்னார்குடிக்கு அருகே இருந்த எங்கள் வீட்டில் உரச்சாக்குகளை யாரும் தூக்கி எறிந்ததில்லை. அலசிக் காயவைத்து, களத்தில் நெல்லை மூடவும், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளவும், திண்ணையில் விரித்து உட்காரவும் வைத்துக்கொள்வோம். அந்தச் சாக்குகளில் ‘விஜய்’ என்ற பெயருடன் ‘மணலி’ என்ற ஊர்ப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். மணலி என்பது மணல் நிறைந்த ஏதோ ஓர் ஆற்றங்கரை ஊர் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன்.

பிழைப்புக்காக வடசென்னைக்கு வந்து திருவொற்றியூரில் குடியேறிய பிறகுதான் மணலி எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது. அந்தச் சாக்கு புறப்பட்ட இடத்துக்கும் எங்கள் வயலுக்கும் இடையிலான உறவு முழுமையாகப் புரிந்தது இன்னும் பிந்தி, நெட்டுக்குப்பத்துக்குப் போய்வரத் தொடங்கியபோது.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊர் நெட்டுக்குப்பம். தாழங்குப்பம், எண்ணூர்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகியவை அதன் அண்டை ஊர்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் ஆறு. கரையில் நின்று வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் துறைமுகத்துக்குச் செல்லும் பாதைகளும் தெரிகின்றன. தமிழ்நாட்டின் பொருளாதாரம் குறித்துப் பேச வேண்டுமானால், தஞ்சையின் வயல்வெளியில் நின்று பேசுவதைப் போலவே இந்தக் கரையில் நின்றும் பேசலாம். இரண்டு இடங்களும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

வயலிலிருந்து கிளைத்த தொழில்கள்

தமிழ்நாட்டை வேளாண் மாநிலம் என்று சொல்வதா, தொழில் மாநிலம் என்று சொல்வதா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் தொழிலாளர்களில் சுமார் 42% பேர் விவசாயிகள் அல்லது விவசாயத் தொழிலாளர்கள். ஆனால், மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் வேளாண்மை, கால்நடை, வனம், மீன்பிடிப்பு எல்லாம் சேர்ந்த முதன்மைத் துறையின் பங்கு ஏழில் ஒன்றுகூட இல்லை. பாதிக்கும் மேலான மதிப்பு சேவைத் துறையிலிருந்து வருகிறது. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்.

இந்த எண்களை மட்டும் வைத்து, வயல் பின்தங்கிவிட்டது, ஆலை முந்திவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால், இங்குள்ள முக்கியத் தொழில்கள் பலவற்றின் வேர் மண்ணில்தான் இருக்கிறது. கொங்கு மண்டலத்தின் கரிசலில் விளைந்த பருத்தி கோவையின் நூற்பாலைகளை உருவாக்கியது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் அந்த ஆலைகள் பெருகின. நூல் திருப்பூருக்குப் போய்ப் பின்னலாடையாக மாறியது. ஆழக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்க வேண்டிய தேவை, கோவையைப் பம்புசெட்டுகளின் நகரமாக்கியது. கால்நடைகளின் தோல் ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக உலகச் சந்தையை அடைந்தது. ஈரோட்டின் மஞ்சள், நீலகிரியின் தேயிலை, பொள்ளாச்சியின் தேங்காய், காவிரிப் படுகையின் நெல், பல மாவட்டங்களில் பரவியுள்ள சர்க்கரை ஆலைகள் என ஒவ்வொன்றும் ஒரு பயிரையும் ஒரு தொழிலையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கின்றன.

இந்தத் தொடர்பின் மறுமுனைதான் வடசென்னை. பயிரிலிருந்து ஆலைக்குப் போகும் பாதையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆலையிலிருந்து பயிருக்கு வரும் பாதையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கால்வாயிலிருந்து கப்பல் துறை வரை

வடசென்னையின் முதல் பெரிய போக்குவரத்துப் பணியே விளைபொருளுக்கும் அன்றாடப் பொருளுக்குமானதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் வடக்கே ஆந்திரக் கடலோரம் வரை நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவாக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. நெல்லும் உப்பும் விறகும் அதில் படகுகளில் வந்தன. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில், உள்நாட்டு மாவட்டங்களைக் கடற்கரையோடு இணைத்தது.

அடுத்த நூற்றாண்டின் நடுவே தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகையில் பலூன் தயாரிப்பாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. அதுவே அசோக் லேலண்ட் ஆனது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை உருவானது. 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செம்பியத்தில் டிராக்டர் தயாரித்தது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1971இல் மணலி உர ஆலை என்று அடுத்தடுத்து வந்தன. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் அதற்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. நாட்டின் 12ஆவது பெருந்துறைமுகமான அது இப்போது காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படுகிறது. அருகிலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம், 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் என இந்தப் பட்டியல் நீள்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் தனித்தனி வளர்ச்சிக் கதைகள். ஒன்றாகப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆற்றின் கடைசி சில கிலோமீட்டரைச் சுற்றியும் அதில் வந்து சேரும் கால்வாய்களின் ஓரத்திலும் அமைந்திருக்கின்றன.

நெல்லுக்குள் இருக்கும் எண்ணூர்

இந்தத் தொழில்களுக்கும் வயலுக்கும் என்ன உறவு? மூன்று பொருள்களைச் சொல்லலாம்.

முதலாவது உரம். 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்காக நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதே பத்தாண்டில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் காவிரிப் படுகையில் பரவியது. குறுகிய காலத்தில் கூடுதல் விளைச்சல் தரும் ரகங்களுக்குத் தழைச்சத்து அதிகம் தேவை. சி.சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த காலம் அது. 1966 டிசம்பரில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் பதிவானதும் இந்தப் பின்னணியில்தான். பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் கிடைத்த நாஃப்தாவிலிருந்து அம்மோனியாவும், அதிலிருந்து யூரியாவும் தயாரிக்கப்பட்டன. 2019இல் அந்த ஆலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியது; அந்த எரிவாயுவும் எண்ணூர் முனையத்தில்தான் இறங்குகிறது. எண்ணூரிலேயே உள்ள கோரமண்டல் ஆலையில் விவசாயிகள் ‘காம்ப்ளக்ஸ்’ என்று அழைக்கும் கலப்பு உரம் தயாராகிறது. அதற்கான அம்மோனியா கப்பலில் வந்து, கடலடிக் குழாய் வழியாக ஆலைக்குப் போகிறது.

இரண்டாவது மின்சாரம். 1990 முதல் தமிழ்நாட்டின் விவசாயப் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் ஓடுகின்றன. அந்த மின்சாரத்தில் எண்ணூர்க் கரையில் எரிக்கப்படும் நிலக்கரிக்கும் பங்குண்டு.

மூன்றாவது டீசல். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றும் லாரியும் அதில்தான் ஓடுகின்றன.

ஆகவே, எங்கள் ஊரில் விளையும் ஒரு மூட்டை நெல்லில் காவிரி நீரும் வண்டலும் மட்டும் இல்லை, எண்ணூரும் இருக்கிறது. அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவன் என்ற முறையில்தான் இந்தக் கணக்கின் செலவுப் பக்கத்தையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மீஞ்சூரின் கிணறுகள்

செலவு மீனவர்களோடு நிற்கவில்லை. இந்தத் தொழிற்பகுதியைச் சுற்றியிருந்த விவசாயமும் விலை கொடுத்தது. ஆரணியாறு – கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது 1960களின் இறுதியில் நடந்த ஆய்வுகளில் உறுதியானது. அங்கே ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கப்பட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னை நகருக்கும் நீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கான இறைப்பும் அதோடு சேர்ந்தது. மழையால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு நீர் எடுக்கப்பட்டபோது, நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறைந்து கடல்நீர் உள்ளே நகர்ந்தது. 1980களுக்குள் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நெல் விளைந்த ஊர்களில் கிணற்று நீர் உப்பானது.

2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அதை நாம் தொழில்நுட்பச் சாதனையாகப் பார்த்தோம், அது சாதனைதான். ஆனால், மண்ணுக்கடியில் இலவசமாகக் கிடைத்த நன்னீரை உப்பாகவிட்டு, பின்னர் மின்சாரம் செலவழித்துக் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறோம் என்பதும் அதே உண்மையின் மறுபக்கம். ஆலையை மாநில உற்பத்திக் கணக்கில் வரவாக எழுதினோம். உப்பான கிணறுகளை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

ஆறும் ஒரு விளைநிலம்

இந்த மறதி நெட்டுக்குப்பத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தேசிய வருமானக் கணக்கில் மீன்பிடிப்பு, வேளாண்மையோடு ஒரே தொகுப்பில்தான் சேர்க்கப்படுகிறது. அதாவது, கணக்கின் மொழியில் நெட்டுக்குப்பத்து மீனவரும் மன்னார்குடி விவசாயியும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள். ஆனால், விவசாயிக்கு நிலம் என்று ஒன்று பட்டாவில் இருக்கிறது. மீனவரின் விளைநிலமான ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் பட்டா இல்லை. வருவாய்த் துறையின் ஏட்டில் அது புறம்போக்கு.

கழிமுகம் என்பது நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடம். இறாலும் நண்டும் மடவையும் கொடுவாயும் தம் இளமைப் பருவத்தைக் கழிக்கும் நாற்றங்கால் அது. கடலில் பிடிபடும் மீன்களில் பலவும் இத்தகைய இடங்களில் வளர்ந்து வெளியேறுபவையே. அலையாத்திச் செடிகளும் சேற்றுப் படுகையும் இல்லாமல் அந்த நாற்றங்கால் இல்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஆறுதான் மீனவருக்குச் சோறு போடும். படகு வாங்க வசதி இல்லாதவர்கள், ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்துப் பிழைக்க முடிந்தது. முதல் இல்லாதவருக்கும் வேலை தரும் இத்தகைய உற்பத்தி முறை வேறு எந்தத் தொழிலில் உண்டு?

அந்த ஆற்றில் இன்று என்ன இருக்கிறது? அனல்மின் நிலையச் சாம்பலை நீரோடு கலந்து கொண்டுசெல்லும் குழாய்கள் பல ஆண்டுகள் கசிந்ததால், ஆற்றின் தரையில் சாம்பல் படிந்திருக்கிறது. கழிமுகத்தின் பகுதிகள் மண் கொட்டி மேடாக்கப்பட்டிருக்கின்றன. தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு வகை மட்டி, ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் பெயரிட்டிருக்கும் இனம், ஆற்றுத் தரையில் கம்பளம்போலப் பரவி உள்ளூர் மஞ்சள் மட்டியையும் இறால் மேயும் சேற்றையும் மூடிவிட்டது. சரக்குக் கப்பல்கள் நிலைப்பாட்டுக்காக ஏற்றி இறக்கும் நீரோடு இத்தகைய உயிரினங்கள் கடல் கடந்து வருவது உலகத் துறைமுகங்கள் பலவற்றில் கண்ட அனுபவம்.

நான் கரையில் சந்தித்த ஒரு முதியவர், தான் இளைஞராக இருந்தபோது ஆற்றின் ஆழத்தைக் கழுத்தளவு, மார்பளவு என்று உடம்பால் அளந்ததைச் சொன்னார். அதே இடத்தில் இப்போது தண்ணீர் முழங்காலைத் தாண்டுவதில்லை என்று தொட்டுக் காட்டினார். எந்தப் புள்ளிவிவர ஏட்டிலும் இல்லாத அளவீடு அது.

நிவாரணமும் இழப்பீடும்

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கசிந்தபோது, கரையொதுங்கிய கசடை மனிதர்கள் வாளிகளில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறலுடன் வீடுகளை விட்டு ஓடினர்; பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த தொகை, கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். அந்த நேரத்தில் அது உதவியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், இங்கே ஒரு சொல் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நிவாரணம் என்பது இயற்கைச் சீற்றத்துக்கு அரசு தரும் ஆதரவு. இழப்பீடு என்பது ஒருவர் உண்டாக்கிய சேதத்துக்கு அவர் செலுத்தும் விலை. எண்ணூரில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. கிடைப்பதோ முதல் வகை. ஒரு நாள் கசிவுக்குத் தொகை உண்டு. பல ஆண்டுகளாகப் படிந்த சாம்பலால் குறைந்துபோன இறாலுக்கு எந்தத் தலைப்பில் தொகை ஒதுக்குவது என்பதற்கு நம்மிடம் விதியே இல்லை.

சாம்பல் மாசு தொடர்பாக மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் தீர்ப்பளித்து, ஆற்றையும் ஈரநிலத்தையும் மீட்டெடுக்க வலியுறுத்தியது. மாநில அரசும் மீட்புப் பணிகளைப் பற்றிப் பேசிவருகிறது. அதே வேளையில், 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டமும் 2024 டிசம்பரில் நடந்தது. மீட்பதும் ஏற்றுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் ஆறு எதை நம்பும்?

படுகைக்கு ஒன்று, கழிமுகத்துக்கு ஒன்றா?

ஆலைகளை மூடிவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பல்லாயிரம் குடும்பங்கள் ஆலை வேலையால் முன்னேறியிருக்கின்றன. மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளும் அவற்றில் உண்டு. உரம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் எங்கள் ஊர் வயலும் இல்லை. ஆனால், தேவையானது என்பதாலேயே ஒரு செலவு இல்லாததாகிவிடாது.

இதற்கு முன்மாதிரி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், புதிய எண்ணெய் – எரிவாயு ஆய்வுகள் போன்றவை தடுக்கப்பட்டன. உணவு விளையும் நிலம் மற்றெல்லாத் தொழில் கணக்குக்கும் அப்பாற்பட்டது என்ற கொள்கையை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதே கொள்கை, உணவு விளையும் நீருக்குப் பொருந்தாதா? எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான கழிமுகமும் உவர்நீர்ப் பரப்பும் உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும் ஒரே தொகுப்பாகப் பாதுகாக்கப்பட்ட மீன்வள மண்டலமாக அறிவிக்கப்பட வேண்டும்.

அதற்கு முன்னதாகச் செய்யக்கூடியவை மூன்று. ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாக அல்லாமல், இந்தக் கழிமுகம் மொத்தமாக எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பீடு வரும்வரை புதிய நிலக்கரித் திட்டங்களை நிறுத்திவைக்க வேண்டும். சாம்பலையும் அயல்மட்டியையும் அகற்றும் செலவை, மாசுபடுத்தியவர்களின் கணக்கில் எழுதி, குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். ஆற்றின் தரையை அறிந்த மீனவர்களையே அந்தப் பணியில் அமர்த்த வேண்டும். ஆண்டுதோறும் ஆற்று மீன்பிடிப்பின் அளவைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். எவ்வளவு இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், எவ்வளவு இழந்தோம் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது.

2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யப்படுகிறது. பயிரின் தேவைகளைத் தனியே எண்ணிப் பார்க்கும் அந்த முயற்சி பாராட்டத்தக்கது. அந்த அறிக்கையில் உரத்துக்கும் மின்சாரத்துக்குமான வரிகளுக்கு அருகே, அவற்றை நமக்குத் தருவதற்காகத் தன் ஆற்றை இழந்துவரும் நெட்டுக்குப்பத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். விவசாயி வீட்டில் பிறந்தவர்களாகிய நாம்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.